சங்கிலி எனும் பெயரும் இரு கொலைகளும்

குருநகர்த் துறையில் நின்று மேற்றிசை நோக்குவார்க்கு யாழ்ப்பாணக் கோட்டை தோன்றும். முன்னாளிற் கரையூர் என வழங்கிய இவ்வூரின் மீனவருட் பெரும்பாலோர் கத்தோலிக்கர். இங்கிருந்து சிறிது தூரத்தில், நல்லூர் முத்திரைச் சந்தியிலே, சங்கிலி மன்னனுக்குச் சிலையுண்டு. மன்னார்த் தோட்டவெளியிலோ சங்கிலியாற் கொல்லப்பட்டோர் மறைசாட்சிகளாகப் போற்றப்படுகின்றனர். ஒரு பெயர் ஓரிடத்து வீரமாகவும் பிறிதோரிடத்துக் கொடுமையாகவும் நினைக்கப்படுவதேன்?

மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை ஒரு சங்கிலியையே கூறும். போர்த்துக்கேயர் எழுதியவற்றோடு ஒப்புநோக்கின் அப்பெயரினர் இருவர் என்பது பெறப்படும்.

முன்னவன் காலத்திலே, 1543இல், தேசாதிபதி மார்த்தின் அபொன்சோ தெ சூசா கப்பற்படையோடு வந்து அச்சுறுத்தித் திறை பெற இசைவித்தான். அரசுரிமை கோரிய உறவினனொருவன் பறங்கியரின் துணையை நாடியிருந்தான். இந்நிலையில், 1544இல், மன்னார் மக்கள் சவேரியாரை வேண்ட, அவர் அனுப்பிய குருவானவர் ஞானஸ்நானங் கொடுத்தார். எதிர்க்கரைப் பரதவர் மதம் மாறியபின் போர்த்துக்கேயரின் ஆணைக்குட்பட்டமையைச் சங்கிலி அறிந்தேயிருத்தல் வேண்டும். முத்துக்குளிக்குங் கடலும் அதன் வருவாயும் கைநழுவுமென அவன் அஞ்சினான். மன்னாரில் ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டனர். அவன் அச்சத்துக்குக் காரணமிருந்தது என்பது மெய்யே. ஆயினும் மாண்டோர் படைக்கலம் ஏந்தியவரல்லர். அந்நியர் கப்பலை எதிர்க்கவியலாதவன் தன் குடிகள்மேல் வாளோச்சினான்.

சவேரியார் தண்டனை வேண்டி நின்றார். படையெடுப்புக்கு ஆயத்தமுஞ் செய்யப்பட்டது. அவ்வேளை பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் உடைய, அதன் சரக்குச் சங்கிலி கைப்பட்டது. சரக்கை மீட்கும் பேச்சு முன்வந்தது, படையெடுப்பு நின்றது. மன்னாரில் மாண்டோரினும் கப்பற் பண்டம் பெரிதாயிற்றுப் போலும்! 1560இல் கொன்ஸ்தாந்தினோ தெ பிரகன்சா நல்லூரைக் கைப்பற்றியும் நிலைக்க முடியாது மன்னாருக்குப் பின்வாங்கினான்.

பின்னவன் கதை அரண்மனைக்குள்ளேயே தொடங்குகின்றது. 1617இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவன் மைந்தன் சிறு குழந்தை. அரசகேசரி பராமரிப்பாளனாயினான். இரகுவமிசத்தைத் தமிழிற் பாடியவன் இவனே என்பாருமுளர். சங்கிலி குமாரன் அரசகேசரியையும் அரசுரிமையுடைய இளவரசரையும் கொன்று, பின் தன்னைப் பராமரிப்பாளனாக ஏற்குமாறு போர்த்துக்கேயரையே வேண்டினான். முன்னவன் அந்நியர்க்கு அஞ்சிக் குடிகளைக் கொன்றான். இவனோ அரசாசையாற் சுற்றத்தைக் கொன்று அந்நியரின் அங்கீகாரத்துக்கு ஏங்கினான். 1618இல் கிறித்தவர் கிளர்ந்தெழ, தஞ்சை நாயக்கனின் படைத்துணை கொண்டே ஆட்சியை மீட்டான். தன் குடியை நம்பவியலாத அரசனுக்கு அயற்படையன்றி வேறு காவல் ஏது?

1619இல் பிலிப்பு தெ ஒலிவேறா படையோடு வந்து யாழ்ப்பாணத்தை வென்றான். கடல்வழியே தப்ப முயன்ற சங்கிலி பிடிபட்டுக் கோவாவிலே சிரச்சேதம் செய்யப்பட்டான். வென்றவனையும் அச்சம் விடவில்லை. தஞ்சைப் படைகள் மீண்டும் மீண்டும் வந்திறங்க, நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621இல் இடிப்பித்தான். சங்கிலியின் வாளுக்குத் தப்பிய குழந்தை இளவரசன் கோவாவுக்கு அனுப்பப்பட்டுப் பிரான்சிஸ்கத் துறவியானான்.