கண் காணாததைக் கருத்து கண்டது

1882இல் ஜெர்மனியின் வால்தர் ஃபிளெம்மிங், சாயமேற்றிய சாலமாண்டர் செல்களின் உட்கருவில் நூல்போன்ற இழைகள் நெடுக்காகப் பிளப்பதை விளக்கினார்; நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அப்பகுப்புக்கு மைட்டாசிஸ் எனப் பெயரிட்டார். இவ்விழைகளே பின்னர் குரோமோசோம்கள் எனப்பட்டன. 1883இல் வான் பெனதன், குதிரைக் குடற்புழுவின் முட்டையும் விந்தும் அவற்றைச் சம அளவில் கருவுக்கு அளிப்பதைக் கண்டார்.

அவ்வாறாயின் தலைமுறைதோறும் அவை இரட்டிக்காதது ஏன்? பார்வை பழுதுபட்டு நுண்ணோக்கியைவிட்டுக் கோட்பாட்டின்பால் திரும்பிய ஆகஸ்ட் வைஸ்மன், எண்ணிக்கையைப் பாதியாக்கும் தனிப் பகுப்பொன்று இருந்தே தீரவேண்டுமென 1887இல் வாதிட்டார். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. 1905இல் ஃபார்மரும் மூரும் அதற்கு இட்ட பெயரே மியாசிஸ். தமிழில் குன்றல் பகுப்பு. இன்று மாணவர் மனனம் செய்யும் அவ்வரைபடம், முதலில் ஒரு வினாவின் விடையாகவே பிறந்தது.