தாராபுரத்தில் அடையாளப் பதிவு: கர்ணம் முதல் ஆதார் வரை

ஒருவர் யார், எந்த நிலம் அவருடையது என்று எழுதிவைக்கும் நிர்வாகம் அமராவதிக் கரையிலுள்ள தாராபுரத்துக்குப் பழையது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு கோவைப் பகுதியை இரண்டாகப் பிரித்தது. தென்பகுதிக்குத் தாராபுரமே தலைமையிடமானது. 1804-இல் இரு பகுதிகளும் ஒன்றாயின. ஆனால் ஊர்க்கணக்குகள் பரம்பரை ஊழியர்களிடமே இருந்தன. மணியக்காரர் வரி வசூலித்தார். ஊர்க் கணக்கரான கர்ணம் நில உடைமைப் பதிவான சிட்டாவும் பயிர்ப் பதிவான அடங்கலும் எழுதினார். ஆவணம் அரசுடையது, பதவியோ குடும்பத்துடையது. அதனால் ஒரு நகல் பெறுவதற்கும் குடியானவர் கர்ணத்தின் தயவை நாட வேண்டியிருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு இப்பதவிகளை ஒழித்தது. அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர்.

மின்னணு அடையாளம் வந்தபோது, பதிவேடு யார் கையில் இருக்க வேண்டும் என்ற அதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 2009-இல் தாராபுரம் புதிய திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆதார் ஆணையம் அமைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். தகவல் தொகுப்பை ஆணையமே வைத்துக்கொண்டது; விரல்ரேகையும் கருவிழிப் படமும் எடுக்கும் வேலை நாடு முழுவதும் பெரும்பாலும் தனியார் முகமைகளுக்குப் போனது. ஒவ்வொரு பதிவுக்கும் அவற்றுக்குப் பணம் தரப்பட்டது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் முதல் அரசு கேபிள் டிவி நிறுவனமும் மாநில மின்னணு நிறுவனமான எல்காட்டும் நிரந்தரப் பதிவு மையங்களை நடத்தின. 2017-இல் தனியார் மையங்களை அரசு வளாகங்களுக்கு மாற்றும்படி ஆணையம் உத்தரவிட்டது.

அடுத்த சிக்கல், ஆதார் எண்ணை யார் பயன்படுத்தலாம் என்பது. 2018 செப்டம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம் ஆதார் திட்டத்தை ஏற்றது. ஆனால் தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்பதற்கு இடமளித்த 57-ஆம் பிரிவின் பகுதியை நீக்கியது. 2019 சட்டத்திருத்தம் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் மக்களின் விருப்பத்தின் பேரில் பயன்படுத்த வழிவிட்டது. 2025 ஜனவரி விதிகள் அந்த வாசலை மேலும் அகலமாக்கின.

பிற நாடுகளில் தனியார், அரசு என இரு வழிகளும் உண்டு. ஸ்வீடனில் வங்கிகள் 2003-இல் தொடங்கிய மின்னணு அடையாளச் சேவையான பேங்க்ஐடி இன்றும் நிலைத்திருக்கிறது. பிரிட்டன் 2016-இல் தனியார் நிறுவனங்களை நம்பித் தொடங்கிய வெரிஃபை 2023-இல் மூடப்பட்டது. அங்கே அரசே புதிய சேவையை நடத்துகிறது.

தமிழ்நாட்டில் இன்று கூட்டுறவுச் சங்கங்களும் தனிநபர்களும்கூட இ-சேவை மையம் நடத்துகின்றனர். அவர்கள் விண்ணப்பத்தை வாங்கிப் பதிவேற்றுவார்கள். சான்றிதழ் தரும் அதிகாரம் வருவாய்த் துறைக்கே உரியது. இந்தப் பிரிவினை சரியானது. மனு வாங்கும் வேலையைப் பலர் செய்யலாம். பதிவேடோ சட்டத்துக்குக் கட்டுப்பட்ட, மேல்முறையீட்டுக்கு இடமுள்ள அரசிடம் இருக்க வேண்டும். பதிவேடு தனிப்பட்டவர் கைக்குள் இருந்தால் குடிமகனின் உரிமை தயவாகிவிடும் என்பதைக் கர்ணம் காலம் காட்டியிருக்கிறது.