மணலெழுத்து: திண்ணைப் பள்ளி முதல் வெள்ளிமலை வரை

முன்னுரை

எழுத்தின் வரிவடிவத்தைக் குழந்தைக்கு விளையாட்டாகக் கற்பிக்கும் முறைகள் இன்று புதுமையாகப் பேசப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான மணலெழுத்து, திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலம் வழங்கியதாகும். அது கடல்கடந்து சென்ற வரலாற்றையும், கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதிக் குழந்தைகளை முன்னிறுத்தி நோக்கும்போது அவ்வரலாறு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மணலும் ஏடும்

திண்ணைப் பள்ளியில் சேர்ந்த குழந்தை முதலில் மணலில் விரலால் எழுதியது. எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே அதன் வடிவத்தை வரைந்தது. கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் தரப்பட்டன. 1623இல் கன்னட நாட்டில், சிறுவர்கள் பாடத்தை இசையோடு சொல்லியவாறே மணலில் எழுதியதை இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே பதிவுசெய்துள்ளார். 1823இல் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் சென்னை அரசுக்கு அனுப்பிய அறிக்கையும் எழுத்தறிவு மணலில் தொடங்கியதைக் குறிப்பிடுகிறது. ஆகவே இம்முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. தென்னிந்தியப் பொதுமரபு எனலாம்.

இதன் பயன் வெளிப்படையானது. ஓலையில் கீறிய பிழை நிற்கும். மணலில் எழுதிய பிழை ஒரு கைவீச்சில் மறையும். பிழைக்கு அஞ்சாமல் மீண்டும் மீண்டும் முயல இடந்தருவதே மணலெழுத்தின் விளையாட்டுத் தன்மை.

கடல்கடந்த முறை

1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதைக் குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், அக்கால ஐரோப்பியர் ‘மலபார்’ என்றழைத்த உள்நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதக் கண்டார். தம் ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் வெளியான அவரது அறிக்கையால் இது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்றது. ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளிலும் மணல் மேசைகள் இடம்பெற்றன. ஆயினும் அங்கே சட்டாம்பிள்ளையின் கட்டளைக்கேற்ப அனைவரும் ஒருசேர எழுதினர். மணல் எஞ்சியது, விளையாட்டு பயிற்சியணியாகச் சுருங்கியது.

மரபின் எல்லை

இதனால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் கருதுதல் பொருந்தாது. அங்கே கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகள் இருந்தன. தாமஸ் மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்பு சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் கணக்கிடுகிறது. அவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. சாதியும் பலரை வெளியே நிறுத்தியது. மணல் யாவர்க்கும் எளிது. அம்மணல் பரப்பிய திண்ணை யாவர்க்கும் திறந்திருக்கவில்லை.

மீட்சியும் வெள்ளிமலையும்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் தொட்டும் பாடியும் ஆடியும் கற்பதை அரசுப் பள்ளிக்குள் கொணர்ந்தன. சமவெளியின் சில குடும்பங்களுக்கு இது பழைய மரபின் மீட்சி. கல்வராயன் மலையிலோ ஜாகீர் முறை 1976இல்தான் ஒழிந்தது. அங்குள்ள மலையாளிப் பழங்குடிக் குழந்தைகளுள் முதல் தலைமுறையாகப் பள்ளி வருவோர்க்கு அரசுப் பள்ளியே முதல் திண்ணை. வீட்டில் ஏடோ நோட்டோ இல்லாத அக்குழந்தை, பள்ளியில் எழுதும் முதல் எழுத்தே சிவப்பு மையால் அடிக்கப்படுமானால் எழுத்தையே அஞ்சத் தொடங்கும்.

எனவே கருவியைவிட வரிசையே முதன்மை பெறுகிறது. மணலில் விரல், அடுத்துப் புளியங்கொட்டையால் எழுத்துருவம் அடுக்கல், பின்னர்ப் பலகை, இறுதியில் நோட்டு என்பது அவ்வரிசை. ட, ப போன்ற நேர்கோட்டு வடிவங்கள் முன்னும், அ, இ போன்ற வளைவு மிகுந்தவை பின்னும் வருதல் விரலுக்கு இசைவானது.

முடிவுரை

மணலெழுத்தின் சிறப்பு, அது பிழையைச் சேமித்து வைக்காதது. திண்ணைப் பள்ளி அதனைச் சிலர்க்கு அளித்தது. பெல் அதற்குத் தம் நகரின் பெயரைச் சூட்டினார். மரபு வழியாக அதனைப் பெறாத குழந்தைக்கு அது சென்றுசேரும்போதே இவ்வரலாறு நிறைவுறும்.