பொன்னிழையில் எழுந்த திருமலைகள்

தீர்த்தங்கரர் திருவடி பட்ட மலைகளைத் தொழுவது சமணரின் தொன்மையான வழக்கம். நேமிநாதர் வீடுபேறடைந்த ஊர்ஜயந்தகிரியும், இருபது தீர்த்தங்கரர் முத்தியுற்ற சம்மேதகிரியும் அத்தகையவை. ஆயினும் முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் மலையேற்றம் இயலுவதன்று. அவர்கள்பொருட்டு மலையே துணியில் ஊர்தேடி வந்தது.

குஜராத்தில் பாலிதானாவை அடுத்துள்ள சத்ருஞ்சய மலைக்கு மழைக்கால நான்கு மாதங்களில் யாத்திரை இல்லை. கார்த்திகைப் பௌர்ணமியன்று அது மீண்டும் தொடங்கும். அன்று மலைக்குச் செல்ல இயலாத சுவேதாம்பரச் சிராவகர், அம்மலையைத் தீட்டிய பெருந்துணியைத் தத்தம் ஊரில் விரித்து அதன்முன் வழிபடுவர்.

தூரிகை செய்ததை ஊசியும் செய்தது. நோன்பு நிறைவேறியதும் குடும்பத்தார் தைத்த துணிகளைக் காணிக்கையாக அளிப்பது அங்குள்ள வழக்கம். திருவுருவின் பின்னே தொங்குவது ‘புட்டியா’; மேலே விதானமாக அமைவது ‘சந்தர்வோ’. சமவசரணமும் திருமலைகளும் அவற்றில் பொன்னிழையால் விளங்கின.

இவ்வேலைப்பாட்டிற்குச் ‘சர்தோசி’ என்று பெயர். பாரசீக மொழியில் ‘சர்’ என்பது பொன். ‘தோசி’ என்பது தையல். வெல்வெட்டையோ சாட்டினையோ மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவர். மேடாகத் தோன்ற வேண்டிய இடத்தில் பருத்தி நூலை அடியில் நிரப்புவர். பொன்னிழை பெரும்பாலும் துணியை ஊடுருவாது. மேலே படியவைத்து மெல்லிய நூலால் பிணிக்கப்படும். தட்டைக் கம்பி, சுருள்கம்பி, சிறு வில்லைகள், வண்ணப் பட்டு நூல் ஆகியவை கலந்து மலையும் மரமும் கோபுரமும் உருப்பெறும்.

தமிழகத்திற்கும் இவ்வுணர்வு புதிதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரில் பட்டு, மயிர், பருத்தி நூல் ஆகியவற்றால் நுண்வினை செய்தோரைக் குறிப்பிடுகிறது. சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று யானை, எருமை, அன்னம், மீன், மலர் கொய்வோர் ஆகிய அனைத்துடனும் தீட்டப்பட்டுள்ளது. அதனைச் சமவசரணத்துப் பொய்கை என்பர் அறிஞர். 9ஆம் நூற்றாண்டில் அக்குடைவரையைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பதைக் கல்வெட்டால் அறிகிறோம். காட்டாங்குளத்தூரில் வாழ்வோர்க்கு அண்மையிலுள்ள காஞ்சியின் திருப்பருத்திக்குன்றத்திலும் தீர்த்தங்கரர் வரலாறுகள் விதான ஓவியங்களாக உள்ளன.

கல்லில் எழுதியது நின்றது. துணியில் தைத்தது ஏன் அருகிற்று? துணி நைவது ஒரு காரணம். மற்றொன்று, மெய்ச்சரிகை வெள்ளிக் கம்பிக்குப் பொன்முலாம் பூசியது என்பது. கிழிந்த சரிகைத் துணியை எடைக்கு விற்பதும், வாங்கியவர் அதை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதும் நெடுநாள் வழக்கம். காஞ்சிப் பட்டுச் சேலை வைத்திருக்கும் இல்லத்தார் இதனை நன்கறிவர். ஆனால் பழைய புட்டியாக்கள் பலவற்றில் கொடையாளர் பெயரும் ஆண்டும் தைக்கப்பட்டுள்ளன. அவற்றை உருக்குவது கல்வெட்டை உடைப்பதற்கு ஒப்பாகும். கிடைக்கும் வெள்ளி சில தோலா. இழப்பதோ ஒரு குடும்பத்தின் நோன்பு வரலாறு.

ஆதலின் ஜினாலயங்களிலும் இல்லங்களிலும் பழஞ்சரிகைத் துணி எஞ்சியிருப்பின் அதனை நீரில் நனைக்கலாகாது. அதன்மேல் நறுமணத் தைலம் படலாகாது. வெயில் படாத இடத்தில், மடிக்காமல், தூய பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வைத்தல் நன்று. அளித்தவர் யார், எந்நோன்பின் நிறைவில், எவ்வாண்டு என்பதைத் தாளில் எழுதி உடன் வைத்தல் இன்றியமையாதது. எழுதி வைத்தோரால்தான் இளங்கௌதமன் பெயரும் நமக்குக் கிடைத்தது.