வாழைக்கும் தர்ப்பூசணிக்கும் 33

கோல சிலாங்கூர் தோட்டத்து லயங்களில் வாழை இல்லாத கொல்லை அபூர்வம். “விதையே இல்லாம எப்படி டீச்சர் வந்துச்சு?” என்பார்கள் மாணவர்கள். காட்டு வாழைக்குக் குரோமோசோம் 22. நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு 33. மூன்று தொகுதிகள் சரியாக இணைசேரா. அதனால் விதை பிடிக்காது. இது இயற்கை செய்தது.

மனிதன் செய்தது பிறகு. செங்காந்தளிலும் உள்ள கோல்சிசின் என்னும் நஞ்சு குரோமோசோமை இரட்டிப்பாக்கும் என்று 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லியும் ஏவரியும் காட்டினர். ஜப்பானின் கிஹாரா, 22 கொண்ட தர்ப்பூசணியை 44 ஆக்கி, சாதாரணச் செடியோடு கலந்து, 33 கொண்ட விதையில்லா இனத்தைப் பெற்றார். ஆய்வை 1951இல் வெளியிட்டார்.

எண் ஒன்றுதான், வாழ்வு வேறு. வாழைக்குப் பக்கக்கன்று உண்டு. வாழையடி வாழையாக அண்டை வீட்டுக்குச் சும்மாவே கொடுக்கலாம். தர்ப்பூசணிக்கோ கலப்பு விதையை ஒவ்வொரு பருவமும் விவசாயி காசு கொடுத்து வாங்கணும். தேர்வில் நன்மையோடு இதையும் எழுதுங்கள்.