தடையும் சலுகையும்: சுமந்தவர் யார்?

யுத்த காலத்தில் ஈச்சிலம்பற்றுக்குச் சீமெந்தும் பசளையும் பெற்றரியும் தாராளமாகப் போகவில்லை. புலிகளின் பகுதிகளுக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை அது. இலக்கு புலிகள், கஷ்டப்பட்டது கமக்காரரும் மீன்பிடிக்கிற ஆக்களும்தான்.

மனித உரிமையின் பெயரால் வந்த நெருக்கடிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். சுனாமிக்குப் பின், 2005இல், ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை தந்தது. குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமை ஆகிய 3 சமவாயங்களும் சரிவர நடைமுறையாகவில்லை என்று 2010 ஆகஸ்டில் அதை நிறுத்தியது. அரசாங்கம் அசையவில்லை. சுமை ஆடைத் தொழிற்சாலைகளில் விழுந்தது. அங்கே தைப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். ஆட்சி மாறி, 2017 மேயில் சலுகை திரும்பியது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே கிடந்தது.

2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அதே சட்டம் நம்மட ஆக்கள் மீது பாய்ந்தது. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ்வும் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமும் 2020இல் கைதாகினர். 2021 ஜூன் 10இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இருவரையும் பெயர் சொல்லி, சலுகையை இடைநிறுத்துவது பற்றி யோசிக்கக் கேட்டது. அந்த டிசம்பரில் கவிஞருக்கும், 2022 பெப்ரவரியில் சட்டத்தரணிக்கும் பிணை கிடைத்தது. மார்ச்சில் சட்டம் கொஞ்சம் திருத்தப்பட்டது, நீக்கப்படவில்லை.

பறித்தபோது நடக்காதது, பறிப்போம் என்றபோது ஓரளவு நடந்தது எனலாம். வெளியார் நெருக்கடி சிறைக் கதவை அசைக்கும். சட்டத்தை நீக்குவது நம்மட நாடாளுமன்றத்தின் வேலை; அதைக் கேட்பது நம்மட கடமை.