ஃப்ரேம் ஒரு கம்பெனி, வீல் இன்னொரு கம்பெனி... உங்க ரோடு சைக்கிளில் லோகோவை மறைப்பது எப்படி?

வடக்கனந்தலில் இருந்து காலையில் கிளம்பி, கச்சிராயபாளையம் வழியா கோமுகி அணைப் பக்கம் சைக்கிளில் போறீங்கனு வெச்சுக்கோங்க. எதிரில் கல்வராயன் மலை. சைக்கிளைச் சாய்ச்சு வெச்சு ஒரு போட்டோ எடுக்குறீங்க. ஸ்டேட்டஸ்ல போடுறதுக்கு முன்னாடி ஜூம் பண்ணிப் பார்த்தா, மலையைவிட எழுத்துதான் முதல்ல கண்ணுல படுது. ஃப்ரேமில் ஒரு பெயர், வீலில் வேற பெயர், சீட்டில் மூணாவது பெயர்!

பழைய ஃப்ரேம் ஒருத்தர்கிட்ட, வீல் இன்னொருத்தர்கிட்ட, மிச்சம் ஆன்லைன்லனு பார்ட் பார்ட்டா வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் பண்ணின ரோடு சைக்கிள் இப்படித்தான் இருக்கும். இதைச் சரிபண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனா, எதை மறைக்கலாம், எதை மறைக்கவே கூடாதுனு தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிங்க. மலைப்பாதையில் இறங்கும்போது உங்களைக் காப்பாத்துற விஷயங்களும் அந்தச் சின்ன எழுத்துகளில்தான் இருக்கு.

பெயர் ஒண்ணு, ஆள் வேற!

முதல்ல, இதுக்காகக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. 1972 அக்டோபரில் மெக்ஸிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ். அந்த சைக்கிளைச் செய்தவர் இத்தாலியின் எர்னெஸ்டோ கொல்நாகோ. ஃப்ரேமில் இருந்த பெயரோ ‘விண்ட்ஸர்’ என்ற மெக்ஸிகோ கம்பெனியுடையது. 1988-ல் ‘ஜிரோ டி இத்தாலியா’ போட்டியை வென்ற முதல் அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் சைக்கிளிலும் ‘ஹஃப்பி’ என்றுதான் எழுதியிருந்தது. ஃப்ரேமைச் செய்தது ஜான் ஸ்லாட்டா என்ற தனிக் கைவினைஞர்.

நம்ம ஊர்ல மட்டும் என்ன? வாடகை சைக்கிள் மட்கார்டில் கம்பெனி பெயரைவிடக் கடைக்காரர் பெயரும் நம்பரும்தான் பெருசா இருக்கும். பார் கம்பியில் கலர் ரிப்பன் சுத்தின தாத்தாக்கள் செஞ்சதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

நகத்தால் தடவிப் பாருங்க

லோகோ எப்படி ஒட்டியிருக்குங்கிறதைப் பொறுத்துதான் வேலை. அதன் ஓரத்தை நகத்தால் தடவுங்க.

நகம் தட்டுப்பட்டா, பெரும்பாலும் அது மேலே ஒட்டின ஸ்டிக்கர். ஹேர் டிரையரால் மிதமா சூடு காட்டி, ஒரு மூலையில் இருந்து மெதுவா உரிக்கலாம். பிளேடு வேண்டாம், பழைய ஏ.டி.எம் கார்டு போதும். மிச்சமிருக்கும் பசைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவெச்சுத் துடைச்சு, அப்புறம் சோப்புத் தண்ணீரால் கழுவுங்க. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க. பெயின்ட்டும் சேர்ந்து போயிடும். கார்பன் ஃப்ரேம் அல்லது ஃபோர்க்னா, கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏத்தவே கூடாது.

நகம் வழுக்கிக்கிட்டே போனா, லோகோ மேலே க்ளியர் கோட் அடிச்சிருக்காங்கனு அர்த்தம். இதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. கார்பனில் உள்ளே இருக்கும் இழையே அறுந்து, பலம் குறைஞ்சிடும். மேலே மறைக்கிறதுதான் ஒரே வழி.

ரேடியம் கடைக்குப் போங்க

மறைக்க இன்சுலேஷன் டேப் சுத்துறவங்க நிறைய பேர். நம்ம வெயிலுக்கு அது இளகி, பிசுபிசுனு பசை வழியும். அதுக்குப் பதிலா, பைக்குக்கு நம்பர் பிளேட் ஸ்டிக்கர் ஒட்டிக்கொடுக்கும் ரேடியம் கடையில் வினைல் ஷீட் கேளுங்க. உங்க ஃப்ரேம் பளபளப்பா, மேட்டானு பார்த்து அதே ரகம் வாங்குங்க. கறுப்பு ஃப்ரேமில் வேற ரகக் கறுப்பு ஒட்டினா, ‘இங்கே மறைச்சிருக்கேன்’னு அதுவே காட்டிக்கொடுத்துடும்.

எழுத்தின் வடிவத்துக்கு வெட்டாம, குழாயைச் சுத்தி ஒரு பட்டையா ஒட்டுங்க. அப்போதான் அது டிசைன் மாதிரி தெரியும். வீலில் இருக்கும் ஸ்டிக்கரை எடுத்தா, ரெண்டு வீலிலும் எடுங்க. அந்த இடத்தில் ஒளிரும் ரேடியம் துண்டுகளை ஒட்டினா, இருட்டில் பக்கவாட்டில் இருந்து வர்ற வண்டிக்கும் உங்களைத் தெரியும்.

கியர், கிராங்க் மேலே பொறிச்ச எழுத்து போகாது. விட்டுடுங்க, தூரத்தில் தெரியவும் தெரியாது.

இதையெல்லாம் மறைக்காதீங்க

* ஃப்ரேம் நம்பர்: பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே இருக்கும். சைக்கிள் திருடு போனா போலீஸ் புகாருக்கு இதுதான் ஆதாரம். இப்பவே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

* டயர் எழுத்து: கம்பெனி பெயரை மார்க்கரால் கறுப்பாக்கலாம். சைஸ், அதிகபட்ச காற்றழுத்தம், சுழலும் திசை மூணும் அப்படியே இருக்கணும். டயரின் லோகோவை வால்வுக்கு நேரா வெச்சு மாட்டுறது சைக்கிள்காரங்க பழக்கம். டியூபில் ஓட்டை எங்கேனு கண்டுபிடிச்சா, டயரில் கருவேல முள் எங்கே இருக்குனு சட்டுனு தேடலாம். அதனால, அதில் ஒரு எழுத்தாவது தெரியட்டும்.

* சீட் போஸ்ட் கோடு: குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே இருக்கணும்னு சொல்லும் கோடு. இதை மறைச்சுட்டு சீட்டை ஏத்தினா, போஸ்ட்டோ ஃப்ரேமோ உடையலாம்.

* ஹேண்டில்பார் ஸ்டெமில் இருக்கும் எண்: ‘5 என்.எம்’ மாதிரி இருக்கும். போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்ங்கிற அளவு அது.

* பிரேக் பிடிக்கும் இடம்: ரிம் பிரேக்னா வீலின் ஓரப்பட்டை, டிஸ்க்னா தட்டு. அங்கே ஸ்டிக்கர், பெயின்ட், தேங்காய் எண்ணெய் எதுவுமே படக்கூடாது.

* வெல்டிங் இணைப்புகள்: முக்கியமா, ஹேண்டில் குழாயும் பெடல் அச்சுப் பகுதியும். விரிசல் முதல்ல வர்றது இங்கேதான். ஒட்டுறதுக்கு முன்னாடி துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாருங்க. பழைய ஃப்ரேம்னா இன்னும் கவனம்.

பெயர் பொருந்தினா போதுமா?

போதாது. எல்லா பார்ட்டும் ஒரே பெயரில் இருந்தாலும் பொருந்தாம போகலாம். ஷிமானோவின் ‘டியாக்ரா 4700’ பத்து ஸ்பீடு கியர்தான். ஆனா, அது கேபிளை இழுக்கும் அளவு வேற என்பதால், அதே கம்பெனியின் பழைய பத்து ஸ்பீடு ரோடு கியரோடு ஒழுங்கா வேலை செய்யாது. ஸ்டிக்கரால் சரிசெய்ய முடியாத பிரச்னை இது.

இன்னொரு விஷயம். மறைக்கிறது வேற, மாத்தி எழுதுறது வேற. சாதாரண ஃப்ரேமில் பெரிய கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டி, அந்த கம்பெனி சைக்கிள்னு விற்கிறது வர்த்தக முத்திரைச் சட்டம், 1999-ன்படி குற்றம். விற்கும்போது எந்த பார்ட் யாருடையதுனு எழுதிக் கொடுத்துடுங்க. வாங்குறவரும் அதே மலையில்தான் இறங்கப்போறார்.

எல்லாம் ஒட்டி முடிச்சாச்சா? நேரா வெள்ளிமலை ஏறிடாதீங்க. முதல் ரைடு சமதளத்திலேயே இருக்கட்டும். ரெண்டு பிரேக்கையும் நாலஞ்சு தடவை அழுத்திப் பிடிச்சு நிறுத்திப் பாருங்க, போல்ட்டுகளை மறுபடி செக் பண்ணுங்க. அப்புறம் அந்த போட்டோவைத் திரும்ப எடுங்க. இப்போ மலை தெரியும்!